ஆங்கிலத்தின் சின்னச் சொற்களும் நம் சாட்சியமும்



நினைவுச் சொற்பொழிவு என்றதும் நிலம், இட ஒதுக்கீடு, வன்கொடுமைச் சட்டம் என்று ஒரு பெரிய தலைப்பை எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இந்த ஆண்டு நாம் எடுத்துக்கொண்டிருப்பது ஆங்கில இலக்கணத்தின் ஒரு மூலையை. ஒரு வினைச்சொல், அதோடு அப், டவுன், அவே, அவுட் என்று ஒரு சின்னச் சொல், அதற்கும் பின்னால் வித், டு, ஃபார், ஆன் என்று இன்னொரு சின்னச் சொல். மூன்றும் சேர்ந்து ஒரே பொருளைத் தரும். புட் அப் வித், லுக் டவுன் ஆன், ஸ்டாண்ட் அப் டு, கெட் அவே வித் போன்றவை. இது டியூஷன் சென்டரில் பேச வேண்டிய விஷயமாயிற்றே என்று ஒரு நண்பர் சிரித்தார். சிரிக்கட்டும். எந்தத் தோழரின் நினைவாகக் கூடியிருக்கிறோமோ, அவருடைய மாலைப் பொழுதுகளில் பாதி மனு எழுதுவதிலும் அந்த மனுவை ஆங்கிலத்தில் பெயர்ப்பதிலும்தான் போயிற்று. ஆணையத்துக்கு அனுப்பும் புகார், வெளியூரிலிருந்து வரும் உண்மை அறியும் குழுவுக்குத் தரும் குறிப்பு, பத்திரிகைக்கான அறிக்கை. இன்று அந்த வேலை உங்கள் கையில் இருக்கிறது. அந்த வேலையில் நம்மைக் கவிழ்க்கக்கூடியவை அகராதியில் இருக்கும் நீண்ட சொற்கள் அல்ல. இந்தச் சின்னச் சொற்கள்தான்.

ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். ‘ஹி லுக்ட் டவுன்’ என்றால் அவர் தலையைக் குனிந்தார். ‘ஹி லுக்ட் டவுன் ஆன் தெம்’ என்றால் அவர் அவர்களை இழிவாகப் பார்த்தார். தலை குனிந்தவர் ஒருவர், குனிய வைத்தவர் வேறொருவர். இருவரையும் பிரித்துக் காட்டுவது ‘ஆன்’ என்கிற ஒற்றைச் சொல். அதைத் தவறவிட்டால் இழிவு செய்தவர் வெட்கப்பட்டு நின்றவராகிவிடுவார்.

அடுத்தது இன்னும் சிக்கலானது. ‘ஸ்டாண்ட் அப்’ என்றால் எழுந்து நில் என்று ஒன்றாம் வகுப்பிலேயே தெரியும். ஊர்ப் பெரிய மனிதர் நடந்து போகும்போது உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும் என்பது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத சட்டம். ‘அவரு வந்தா நாங்க எந்திரிச்சு நிக்கணும்’ என்று ஓர் அம்மா சாட்சி சொல்கிறார். அதை ‘வீ ஹேவ் டு ஸ்டாண்ட் அப் ஃபார் ஹிம்’ என்று பெயர்த்தால் இலக்கணத்தில் குறை காண முடியாது. ஆனால் ‘ஸ்டாண்ட் அப் ஃபார்’ என்பதற்கு ஒருவருக்காகப் பரிந்து நிற்பது, அவர் பக்கம் நின்று வாதாடுவது என்கிற பொருள்தான் ஆங்கிலம் படிக்கிறவர் மனதில் முதலில் வரும். அந்த அம்மா அவருக்காக வாதாடுகிறார் என்றாகிவிடும். ‘ஃபார்’ இருந்த இடத்தில் ‘டு’ வைத்தால் கதை தலைகீழ். ‘ஸ்டாண்ட் அப் டு ஹிம்’ என்றால் அவரை எதிர்த்து நிற்பது. மரியாதைக்கு எழுவது, ஆதரித்து நிற்பது, எதிர்த்து நிற்பது எல்லாவற்றுக்கும் முதல் இரண்டு சொற்கள் ஒன்றே. இந்த இடத்தில் ‘வீ ஹேவ் டு ஸ்டாண்ட் அப் வென் ஹி கம்ஸ்’ என்று எழுதிவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை.

இவை எப்படி இயங்குகின்றன என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். மூன்று சொற்களில் நடுவில் இருப்பது வினையின் உடம்போடு சேர்ந்தது. கடைசியில் இருப்பது அந்த வினை யாரை, எதை நோக்கிப் போகிறது என்று சொல்வது. ‘கெட் அவே’ என்றால் தப்பிப் போ. ‘கெட் அவே ஃப்ரம்’ என்றால் ஓர் ஆளிடமிருந்தோ இடத்திலிருந்தோ தப்பிப் போவது. ‘கெட் அவே வித்’ என்றால் ஒரு குற்றத்தைச் செய்துவிட்டுத் தண்டனை இல்லாமல் தப்பிப்பது. உயிருக்கு அஞ்சிக் காட்டு வழியாக ஓடியவர்களுக்கு முன்னது, துரத்தியவர்களுக்குப் பின்னது. ‘கிவ் இன்’ என்றால் பணிந்துபோவது. யாருக்குப் பணிந்தோம் என்று சொல்ல ‘டு’ வர வேண்டும். ‘கிவ் அப்’ என்றால் விட்டுவிடுவது. ‘கிவ் அப் ஆன்’ என்றால் ஒருவர் மேல் வைத்த நம்பிக்கையையே விட்டுவிடுவது. பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளைப் பற்றி அறிக்கைகள் எழுதுகிறோமே, ‘ட்ராப் அவுட் ஆஃப் ஸ்கூல்’ என்று, அங்கே பிள்ளைதான் எழுவாய், பிள்ளைதான் விட்டது. பல இடங்களில் நடப்பது பள்ளி அந்தப் பிள்ளையைக் கைவிடுவது. ‘தி ஸ்கூல் கேவ் அப் ஆன் ஹெர்’ என்று எழுதினால் யார் செய்தது என்பது வெளியே வரும்.

இந்த மூன்று சொற்களைப் பெரும்பாலும் பிரிக்க முடியாது. ‘புட் அப் வித் இட்’ என்றுதான் சொல்ல முடியும், நடுவில் ‘இட்’ நுழையாது. இரண்டு சொல் உள்ள சில வினைகளில் நுழையும். அகராதியில் ஒரு சொல்லைத் தேடுவதற்கு ‘லுக் இட் அப்’ என்கிறோம். மூன்று சொல் வினைகளிலும் ஒரு கூட்டம் நடுவில் ஆளையோ பொருளையோ உட்காரவைக்கும். அந்தக் கூட்டத்தைப் பார்த்தால் நம் ஊர் அரசியலுக்கென்றே செய்து வைத்ததைப் போல இருக்கிறது. ‘புட் ஹிம் அப் டு இட்’ என்றால் அவனைத் தூண்டிவிடுவது. கல்லெறிந்த பையனைப் பிடித்துவிட்டோம், ‘ஹூ புட் ஹிம் அப் டு இட்’ என்பதுதான் அடுத்த கேள்வி. ‘ப்ளே ஒன் குரூப் ஆஃப் அகெய்ன்ஸ்ட் அனதர்’ என்றால் இரண்டு தரப்பை மோதவிட்டு ஆதாயம் பார்ப்பது. நம்மில் ஒரு சாதியை இன்னொரு சாதிக்கு எதிராக மூட்டிவிடுகிறார்கள் என்று மேடைதோறும் பேசுகிறோமே, அதுதான். ‘ஃபாப் அஸ் ஆஃப் வித்’ என்றால் கேட்டதைக் கொடுக்காமல் எதையோ கையில் திணித்து அனுப்பிவிடுவது. பட்டா கேட்டுப் போனோம், அரிசி மூட்டையோடு திருப்பி அனுப்பினார்கள் என்பதை இதைவிடச் சுருக்கமாக ஆங்கிலத்தில் எழுதுவது கடினம். ‘புட் இட் டவுன் டு’ என்றால் இன்ன காரணத்தால்தான் நடந்தது என்று கணக்கு எழுதிவிடுவது. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவரின் சாவை மாரடைப்பு என்று எழுதுகிறார்கள். ‘தே புட் ஹிஸ் டெத் டவுன் டு எ ஹார்ட் அட்டாக்’. இந்த வாக்கியம் அவர் மாரடைப்பால் இறந்தார் என்று சொல்லவில்லை. அவர்கள் அப்படி எழுதிக்கொண்டார்கள் என்று மட்டுமே சொல்கிறது. நமக்கு வேண்டியதும் அதுதான்.

இதெல்லாம் வெள்ளைக்காரனுக்கே உரிய விசித்திரம், நமக்கு வராது என்று நினைக்க வேண்டாம். தமிழ் தெரிந்த யாருக்கும் இந்த வித்தை ஏற்கெனவே தெரியும். பொறு என்பது வேறு, பொறுத்துக்கொள் என்பது வேறு. ‘கொள்’ என்பதற்கு அங்கே வாங்குதல் என்ற பொருள் இல்லை, அது துணைக்கு வந்திருக்கிறது. சொன்னான், சொல்லிவிட்டான், சொல்லிவைத்தான், சொல்லித் தொலைத்தான், நான்கும் நான்கு மனநிலை. வேற்றுமை உருபை வினையே தேர்ந்தெடுக்கும் என்பதும் நமக்குப் பழக்கம்தான். அவனுக்குப் பணிந்தான், அவனை எதிர்த்தான், அவனோடு மோதினான். யாரும் நமக்கு இதைச் சூத்திரமாகச் சொல்லித் தரவில்லை. கேட்டுக் கேட்டு வந்தது. ஆங்கிலத்தில் துணைவினையின் வேலையை அப், ஆஃப், அவுட் செய்கின்றன, உருபின் வேலையை டு, வித், ஆன் செய்கின்றன. வினைக்குப் பின்னால் வரிசை மாறி நிற்கிறது, அவ்வளவுதான். காதால் பழகுகிறவர்களுக்கு இன்னொரு குறிப்பும் உண்டு. பேசும்போது நடுச்சொல்லில் அழுத்தம் விழும், கடைசிச் சொல் பெரும்பாலும் மெலிந்து ஒலிக்கும். புட் ‘அப்’ வித். அந்த மெலிந்த ஒலிதான் நம் காதில் விழாமல் நழுவிவிடுகிறது.

பிறகு ஏன் நம் பிள்ளைகளுக்கு இது எட்டவில்லை? இங்கே கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும். 1066-இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சும் லத்தீனும் ஆண்டன. உழைக்கிற மக்கள் பேசியது பழைய ஆங்கிலத்திலிருந்து வளர்ந்த மொழி. அதனால்தான் இன்றுவரை ஆங்கிலத்தில் ஒரே பொருளுக்கு இரண்டு வரிசைச் சொற்கள் இருக்கின்றன. டாலரேட் என்பது லத்தீனிலிருந்து வந்த மேட்டுச் சொல், புட் அப் வித் என்பது வீட்டுச் சொல். அபாலிஷ் என்பதற்கு டு அவே வித். ரெசிஸ்ட் என்பதற்கு ஸ்டாண்ட் அப் டு. வீட்டுச் சொற்களுக்கு நெடுங்காலம் ஒரு பெயர்கூட இல்லை. சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதியின் முன்னுரையில், அயலாருக்குப் பெரும் சிரமம் தருவது இந்தச் சேர்க்கைதான் என்று சொல்லி வைத்தார். ஃபிரேசல் வெர்ப் என்கிற பெயர் அச்சில் வந்தது 1925-இல், லோகன் பியர்சல் ஸ்மித் எழுதிய நூலில். பேசியவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள், பெயர் வைக்கப் புலவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.

பெயர் வைக்காவிட்டாலும் தீட்டுப் பார்க்க நேரம் இருந்தது. இந்த வினைகளைச் செயப்பாட்டில் வைத்தால் கடைசிச் சொல் அந்தரத்தில் தொங்கும். ‘வீ ஆர் லுக்ட் டவுன் ஆன்’. வாக்கியம் ‘ஆன்’ என்று முடிகிறது. இப்படி முடிவது இழுக்கு என்று கவிஞர் ட்ரைடன் 1672-இல் குறை சொன்னார், அதுவும் தமக்கு முன் வாழ்ந்த பென் ஜான்சனின் வரிகளைச் சுட்டிக்காட்டி. 1762-இல் ராபர்ட் லவுத் எழுதிய இலக்கணம், இது பேச்சுக்குப் பொருந்தும், உயர்ந்த நடைக்கு அழகில்லை என்று வகை பிரித்தது. லத்தீனில் இப்படி வராது, ஆகவே ஆங்கிலத்திலும் வரக்கூடாது என்ற எண்ணம் பள்ளிக்கூடங்களில் வேரூன்றியது. ஒரு மொழி தன் இயல்பில் நடப்பதை இன்னொரு மொழியின் ஆசாரத்தைக் காட்டித் தடுப்பது நமக்குப் புதிதா என்ன? அந்த ஆசாரம் கப்பலேறி இங்கேயும் வந்தது. வாக்கியத்தைப் பிரிபொசிஷனில் முடிக்காதே என்று படித்த மாணவர், ‘வீ ஆர் லுக்ட் டவுன்’ என்று ‘ஆன்’ஐ வெட்டிவிடுகிறார். அங்கேதான் வாக்கியம் முறிகிறது. தொங்கட்டும், விடுங்கள்.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. 1930-இல் சி. கே. ஆக்டன் என்பவர் பேசிக் இங்கிலீஷ் என்று ஒன்றைக் கொண்டுவந்தார். 850 சொற்கள் போதும், உலகத்தில் யாரும் ஆங்கிலம் கற்கலாம் என்றார். அதில் வினைச்சொற்கள் 18 மட்டுமே. எப்படிச் சமாளித்தார்? புட், கெட், கிவ், டேக், கோ போன்ற சிலவற்றை எடுத்து, அப், அவுட், ஆஃப் எல்லாவற்றையும் ஒட்டவைத்தார். பட்டியல் சின்னது, ஒட்டுகிற முறையோ கடல். புட்டும் தெரியும், அப்பும் தெரியும், வித்தும் தெரியும் என்பதால் புட் அப் வித் தெரிந்துவிடாது. நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். மூன்று சொல்லும் எளிது என்பதால் அகராதியைத் திறக்கத் தோன்றாது. நேர்முகத் தேர்வில் எதிரே இருப்பவர் சாதாரணமாகப் பேசுவார். ‘ஹவ் டூ யூ கெட் ஆன் வித் யுவர் கலீக்ஸ்’ என்று கேட்பார். கொலாபரேஷன், கோஆர்டினேஷன் என்று மனப்பாடம் செய்த பிள்ளை அதைக் கேட்டு விழிக்கும். அறிவு குறைவு என்று குறிப்பெழுதிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். நகரத்துப் பள்ளியில் படித்த பிள்ளை சாப்பாட்டு மேசையிலும் தொலைக்காட்சியிலும் கேட்டுப் பழகியது இது. தலைமுறையில் முதலாவதாகப் படிக்கிற பிள்ளைக்குக் கிடைப்பது கைடு புத்தகம். இது எந்தப் பாடத்திட்டத்திலும் எழுதாத தகுதித் தேர்வு.

உத்தரப் பிரதேசத்தில் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தின் பாங்கா கிராமத்தில் 2010-இல் ஆங்கிலத் தேவிக்குக் கோயில் கட்டத் தொடங்கினார்கள். சிந்தனையாளர் சந்திரபான் பிரசாத் முன்னெடுத்தது. தேவியின் ஒரு கையில் எழுதுகோல், இன்னொரு கையில் அரசியலமைப்புச் சட்டம், கணினியின் மேல் நிற்கிறாள். கோயில் வேண்டுமா என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம், இருக்கிறது. ஆங்கிலத்தின் மேல் நமக்குள்ள பசியை அந்தச் சிலை சரியாகவே காட்டுகிறது. நம் கேள்வி வேறு. தேவி வாயைத் திறந்தால் எந்த ஆங்கிலம் பேசுவாள்? அரசாணை ஆங்கிலமா, அல்லது சமமாக உட்கார்ந்து பேசுகிறவர்களின் ஆங்கிலமா?

இங்கே நம் நாட்டு ஆங்கிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘கோப் அப் வித்’ என்று இந்தியாவில் பலரும் எழுதுகிறோம். கேட்ச் அப் வித், கீப் அப் வித், புட் அப் வித் எல்லாவற்றிலும் ‘அப்’ இருப்பதால் கோப்புக்கும் ஒரு ‘அப்’ கொடுத்திருக்கிறோம். அயல்நாட்டு அகராதிகள் ‘கோப் வித்’ என்றே சொல்லும். கல்லூரி முடித்ததை ‘பாஸ் அவுட்’ என்கிறோம், இங்கிலாந்துக்காரர் காதில் மயங்கி விழுந்தது என்று விழும். இதற்காக யாரும் கூனிக்குறுக வேண்டியதில்லை. உள்ளூர் தர்க்கத்தோடு வளர்ந்த மொழி அது. ஆனால் தாள் திருத்துபவர் மதிப்பெண் குறைப்பார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது சாட்சியத்துக்கு வருவோம். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கீழ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. இதை ஆங்கிலத்தில் எழுத மூன்று வழிகள் இருக்கின்றன. ‘தே வேர் அக்விட்டட்’ என்பது நீதிமன்றத்தின் மொழி, தீர்ப்பை அப்படியே சொல்கிறது. ‘தே வேர் லெட் ஆஃப்’ என்றால் விட்டுவிட்டார்கள், விட்ட கை ஒன்று இருக்கிறது என்று காட்டுகிறது. ‘தே காட் அவே வித் இட்’ என்றால் செய்தார்கள், தப்பித்தும்விட்டார்கள். மூன்றாவதில் ‘வித் இட்’ என்ற இரண்டு சொற்களுக்குள் குற்றம் நடந்தது என்கிற உறுதி உட்கார்ந்திருக்கிறது. நீதிமன்றத்துக்குப் போகும் மனுவில் முதலாவதைத்தான் எழுத வேண்டும், அங்கே சட்டத்தின் சொல்லை மாற்றினால் நம் மனுவே பலவீனப்படும். மக்களிடம் பேசும் துண்டறிக்கையில் மூன்றாவதை எழுதலாம். எங்கே எதை எழுதுகிறோம் என்று தெரிந்து எழுத வேண்டும். தெரியாமல் எழுதினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தெரிந்து வாசிப்பார்.

சாட்சிகள் தமிழில் பேசும்போதும் இதே நுணுக்கம் இருக்கிறது, நாம்தான் பெயர்ப்பில் தேய்த்துவிடுகிறோம். ‘அடிச்சாங்க’ என்பதும் ‘அடிச்சுப் போட்டுட்டாங்க’ என்பதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் ‘பீட்’ என்று எழுதிவிட்டுப் போகிறோம். இரண்டாவதில் அடித்து முடித்துக் கிடத்திவிட்டுப் போனது இருக்கிறது. ‘தே பீட் ஹிம் அப் அண்ட் லெஃப்ட் ஹிம் லையிங் தேர்’ என்றால் ஓரளவு வரும். ‘அப்’ அங்கே மேலே என்ற பொருளில் வரவில்லை, செயலின் கடுமையையும் நிறைவையும் சொல்கிறது, நம் ‘போடு’ ‘விடு’ செய்யும் வேலை. ‘வீட்டைக் கொளுத்திட்டாங்க’ என்பதற்கு ‘பர்ன்ட்’ போதாது, ‘பர்ன்ட் டவுன்’ என்றால்தான் கூரை தரையோடு வந்தது தெரியும். இலக்கியத்திலும் இதே கதைதான். 1992-இல் வந்த பாமாவின் கருக்கு பேச்சு மொழியில் எழுதப்பட்டது. லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில ஆக்கம் 2000-இல் வந்தது. சிவகாமி தம் பழையன கழிதலும் நாவலைத் தாமே ஆங்கிலத்தில் எழுதினார், 2006-இல். மூலத்தையும் ஆங்கிலத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பக்கம் வாசியுங்கள். தமிழின் துணைவினை எங்கெல்லாம் போயிருக்கிறது, எங்கே ஒரு சின்னச் சொல்லாக மறுபிறப்பு எடுத்திருக்கிறது, எங்கே காணாமல் போயிருக்கிறது என்று கோடிடுங்கள். எந்த இலக்கணப் புத்தகமும் தராத பயிற்சி அது.

அம்பேத்கரின் ஆங்கிலத்தைச் சொல்லாமல் இந்த மேடையில் உட்கார முடியாது. 1936-இல் லாகூரின் ஜாத் பாத் தோடக் மண்டல் அவரைத் தலைமையுரைக்கு அழைத்தது. உரையை வாசித்த பிறகு சில பகுதிகளை விட்டுவிடும்படி கேட்டார்கள், அதாவது லீவ் அவுட். அவர் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற இசையவில்லை, அதாவது ஹி டிட் நாட் கிவ் இன் டு தெம். மாநாடு முதலில் தள்ளிப் போடப்பட்டது, புட் ஆஃப். கடைசியில் அந்த உரை நிகழவே இல்லை. அவர் அதைத் தம் செலவில் 1500 படிகள் அச்சிட்டார். பேசப்படாத உரை ஒன்று அச்சில் நின்று இன்றும் பேசுகிறது. தலைப்பிலுள்ள அனிஹிலேஷன் லத்தீன் வழி வந்த கனமான சொல். தமிழில் அது ஜாதியை ஒழிக்க வழி என்றும், சாதியை அழித்தொழிக்கும் வழி என்றும் வந்தது. அழித்தொழி என்று இரண்டு வினைகளைச் சேர்த்த கையைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் வீட்டுப் பேச்சாகச் சொன்னால் ‘டு அவே வித் காஸ்ட்’. அவர் கற்றவர்களின் அவையை நோக்கி எழுதினார், அவைக்கேற்ற சொல்லை எடுத்தார். இரண்டு வரிசைச் சொற்களும் கையில் இருப்பவரால்தான் அப்படித் தேர்ந்தெடுக்க முடியும்.

மாணவர்கள் கேட்பது, எப்படிக் கற்பது என்று. ‘அப்’ என்று தலைப்பிட்டு நூறு வினைகளை மனப்பாடம் செய்யாதீர்கள், ஒரு வாரத்தில் கலங்கிவிடும். ஆளோடும் சூழலோடும் முழு வாக்கியமாக எழுதி வையுங்கள். யார் யாரை, எதற்காக என்பது அதில் இருக்க வேண்டும். ‘லுக் ஃபார்வர்டு டு’ என்பதை எழுதும்போது ‘மீட்டிங் யூ’ என்பதையும் சேர்த்தே எழுதுங்கள், அந்த ‘டு’ பிரிபொசிஷன் என்பதால் ‘டு மீட்’ வராது. ஐந்து பேர் சேர்ந்து ஒரு சாட்சியத்தைப் பெயர்த்துப் பார்த்துச் சண்டை போடுங்கள். எங்கள் வட்டத்தில் ஒரே ஒரு ‘டு’வுக்காக ஒரு சாயங்காலம் முழுதும் சண்டை நடந்திருக்கிறது, டீக்கடைக்காரர்தான் பாவம்.

உங்கள் இருக்கையில் ஒரு தாள் வைத்திருக்கிறோம். அதில் நாங்கள் பயிற்சிக்காக எழுதிய மூன்று வாக்கியங்கள் இருக்கின்றன. ‘அவங்க சொன்னதுக்கெல்லாம் பொறுத்துப் பொறுத்துப் போனோம்.’ ‘எங்க பையனுக்காக யாரும் பேச வரல.’ ‘கேஸை இழுத்தடிச்சு எங்களைச் சலிக்க வெச்சுட்டாங்க.’ உணவு இடைவேளைக்குள் மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்தே எழுதலாம். மூன்றாவதற்கு எங்களுக்குள் இன்னும் உடன்பாடு வரவில்லை. பேனா இல்லாதவர்கள் வாசலில் இருக்கும் மேசையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.